இருபது சொட்டு விளக்கெண்ணெய்

என் முதல் சம்பளத்தில் வாங்கிய புடவை இன்றைக்கு ஒரு விமானத்தின் இறக்கையாக இருக்கிறது. ஆள் ஏறுகிற விமானம் இல்லை. என் வீட்டுக்காரரும் அவருடைய கூட்டாளிகளும் ஞாயிற்றுக்கிழமை காலையில் நூல் கட்டி இழுத்துக்கொண்டு ஓடும் பொம்மை விமானம். பொம்மை என்றால் அவருக்குக் கோபம் வரும். மாடல் என்று சொல்ல வேண்டும். பால் வாங்கி வரச் சொன்னால் முட்டி வலிக்கிறது என்பவர்கள், மாடிப்படி ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொள்பவர்கள், அந்த நூலைப் பிடித்துக்கொண்டு நூறு மீட்டர் ஓடுவதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மொத்தம் ஐந்து பேர். தங்களைக் கிளப் என்று சொல்லிக்கொண்டார்கள். ஒரு வாட்ஸ்அப் குழு, ஒரு ரப்பர் ஸ்டாம்பு இரண்டும் உண்டு. ரப்பர் ஸ்டாம்பு எதற்கென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தலைவர், பிரான்ஸ் ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று ஊர் திரும்பிய எழுபது வயதுக்காரர். எல்லோரும் அவரை முசே என்றே கூப்பிடுவார்கள், பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி. அவரும் மற்றவர்களை அப்படியே கூப்பிடுவார். பிரான்ஸில் இருந்தவர், அதிலும் ராணுவத்தில் இருந்தவர், அவருக்கு விமானம் பற்றித் தெரியாதது இருக்காது என்று மற்ற நால்வரும் முடிவு கட்டிவிட்டார்கள். ராணுவத்தில் அவர் பார்த்தது சமையல்கூடத்து ஸ்டோர் வேலை. அதை அவர் மறைக்கவும் இல்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இவர்கள் விமானம் விடும் இடம் சேதராப்பட்டுக்குப் போகிற வழியில் இருக்கிறது. மனை போட்டு, வளைவு கட்டி, தார் ரோடும் போட்டுவிட்டு ஒருத்தரும் வாங்காததால் புல் முளைத்துக் கிடக்கும் பொட்டல். பக்கத்திலேயே கல்லூரிப் பையன்கள் தெர்மாகோல் விமானத்தை ரிமோட் வைத்து விடுவார்கள். அது சொன்ன பேச்சைக் கேட்டுப் பறந்து, சொன்ன இடத்தில் இறங்கும். அதைப் பார்த்து நம் ஆட்கள் முகத்தைச் சுளிப்பார்கள். "அதெல்லாம் ரெடிமேடு" என்பார் என் வீட்டுக்காரர். இவருடையது கையால் செய்தது. மூன்று மாதம் இழைத்து ஒட்டி, மூன்று நொடியில் மனைக்கல்லில் மோதும்.

மோதியதற்கான காரணம் ஒவ்வொரு முறையும் ஒன்றுதான். இறக்கை முறுக்கிக்கொண்டுவிடும். பால்சா என்ற எடையில்லாத மரத்தில் எலும்புக்கூடு மாதிரி சட்டம் செய்து, அதன்மேல் மெல்லிய தாளையோ பட்டுத்துணியையோ போர்த்தி, டோப் என்ற ஒரு திரவத்தைப் பூசுகிறார்கள். நெயில் பாலிஷும் கனிந்த வாழைப்பழமும் சேர்ந்தால் என்ன வாசனை வருமோ அதுதான் அதன் வாசனை. காய்ந்ததும் துணி விறைப்பாகும், காற்றுப் புகாது. ஆனால் டோப் அதோடு நிற்காது. காயக் காய இழுக்கும். அன்றைக்கு மட்டுமல்ல, வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருக்கும். கடலைமாவை முகத்தில் பூசி மறந்துவிட்டால் தோல் எப்படி இழுக்கும், அப்படி. அந்த இழுப்பை மெல்லிய மரச் சட்டம் எத்தனை நாள் தாங்கும்? ஒருநாள் எண்ணெயில் போட்ட அப்பளமாக வளைந்துவிடும். எங்கள் பரணில் அப்படி ஆறு அப்பளங்கள் கிடந்தன.

இவ்வளவு விவரமாக இவளுக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. நான் சேதராப்பட்டில் ஒரு பெயிண்ட் கம்பெனியின் லேபில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். தகரப் பட்டையில் லாக்கர் என்ற பளபளப்புப் பூச்சைப் பூசி, காயவைத்து, இரும்புக் கம்பியைச் சுற்றி வளைத்து, வெடிக்கிறதா, உரிகிறதா, எவ்வளவு சுருங்குகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. டோப் என்பதும் அதே குடும்பத்துச் சரக்குதான். மனுஷர் மாடியில் தகரக் கொட்டகை போட்டு எந்த விஷயத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாரோ, அதைச் செய்துதான் இந்த வீட்டில் பாதிச் செலவு நடக்கிறது. அவர் ஓர் அரசு அலுவலகத்தில் சூப்பரின்டெண்ட். நாள் முழுக்கக் கையெழுத்துப் போடுவார். எப்போதோ படித்த மெக்கானிக்கல் டிப்ளமா, மாலை ஆறு மணிக்கு மேல் அவர் உடம்பில் இறங்கும்.

"ஏங்க, டோப்ல கொஞ்சம் எண்ணெய் சேக்கணும். அப்பதான் இழுக்காது" என்று நான் சொன்னது மூன்றாவது இறக்கையின்போது.

"அது பெயிண்ட்டும்மா. இது ஏரோபிளேன்" என்றார்.

நான்காவது இறக்கையின்போது மறுபடி சொன்னேன். "முசே ஆறு கோட்டிங் குடுக்கச் சொல்லியிருக்காரு" என்றார். ஐந்தாவதுக்கு நான் வாயைத் திறக்கவில்லை. ஆறாவது வளைந்தபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது. பொய் சொல்வானேன்.

முசே ஏன் ஆறு பூச்சு கேட்டார் என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் கிளப்பில் ஒரு வழக்கம். புது விமானம் வந்தால், பறக்கவிடுவதற்கு முன் முசே அதன் இறக்கையை நகத்தால் சுண்டிப் பார்ப்பார். மற்றவர்கள் சுற்றி நின்று காதைக் கொடுப்பார்கள். 'டங்' என்று தவில் மாதிரி சத்தம் வந்தால் தேர்வு. வராவிட்டால் இன்னொரு பூச்சு. எனவே ஐவரும் போட்டி போட்டுக்கொண்டு பூசினார்கள். பூசப் பூசச் சத்தம் ஏறியது, இறக்கையும் முறுக்கியது. சுண்டும்போது டங், எறிந்தால் கரணம். ஆறு வருஷமாக இவர்கள் விமானம் செய்யவில்லை, மேளம் செய்துகொண்டிருந்தார்கள். சத்தத்துக்கும் பறப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க, படித்த ஐந்து ஆண்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்களில் ஒருவர் பல் டாக்டர் வேறு.

புடவை விஷயத்துக்கு வருகிறேன்.

அது சைனா சில்க். மயில் கழுத்து நிறம், ஓரத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், சம்பளக் கவரைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் பிடித்து நேரு வீதிக்குப் போய், நானே தனியாகக் கடைக்குள் நுழைந்து, நானே தேர்ந்தெடுத்து வாங்கியது. அதுவரை என் துணி எதையும் நான் தேர்ந்தெடுத்ததில்லை. கடைக்காரர் "கூட யாரும் வரலியாம்மா?" என்று இரண்டு தடவை கேட்டார். சில வருஷம் கட்டினேன். பிறகு உடம்பு பெருத்தது, துணி நைந்தது, மடித்து பீரோவின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். கட்டுவதில்லை என்பது உண்மை. ஆனால் பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அந்த நிறம் கண்ணில் படும். அது போதும் எனக்கு.

ஒருநாள் வேலை முடிந்து வந்து துணி காயப்போட மாடிக்குப் போனேன். கொட்டகையில் அந்த நிறம் மரச் சட்டத்தின்மேல் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. மிச்சத் துண்டுகள் கீழே கிடந்தன. கத்தரிக்கோலும் என்னுடையதுதான்.

"சும்மாதானே கெடந்துது" என்றார். "பட்டு போட்டா ஸ்ட்ராங்கா இருக்கும்னு முசே சொன்னாரு. சரியான துணி எங்கயும் கெடைக்கல."

நான் கத்தினேன். நாங்கள் இருக்கும் சாரம் பகுதி முழுக்கக் கேட்டிருக்கும். அவர் உண்மையாகவே திகைத்துப் போனார். நான் எதற்குக் கத்துகிறேன் என்று அவருக்குப் புரியவில்லை என்பதுதான் என்னை மேலும் கத்த வைத்தது. கத்தி முடித்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. வெட்டிய புடவை திரும்பி வராது. இனி அது இருக்க ஒரே இடம் அந்த இறக்கைதான். இதிலும் இவர் ஆறு பூச்சுப் பூசினால் ஏழாவது அப்பளமாகப் பரணுக்குப் போகும். அதை மட்டும் விடுவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் நேர்வழியில்தான் போனேன். பூத்தையல் போடும் மர வளையம் இரண்டை எடுத்து, மிச்சத் துணியை இரண்டிலும் இழுத்து மாட்டினேன். ஒன்றில் அவருடைய டோப்பை அப்படியே பூசினேன். இன்னொன்றில் அதே டோப்போடு விளக்கெண்ணெய் கலந்து பூசினேன். மளிகைக்கடை எண்ணெய் இல்லை, மருந்துக்கடையில் விற்கும் சுத்தமான விளக்கெண்ணெய். டோப்பில் இருக்கும் தின்னர் எல்லாம் ஆவியாகிப் போகும், எண்ணெய் போகாது. பூச்சுக்குள்ளேயே தங்கி அதை வளைந்துகொடுக்க வைக்கும். அதனால் பூச்சு இழுக்கிற வேகம் அடங்கும். லேபில் தினமும் பார்க்கிறதுதான். பத்து நாளில், அவர் விமானத்தின் உடலை இழைத்து முடிப்பதற்குள், முதல் வளையம் குதிரைச் சேணம் மாதிரி வளைந்தது. இரண்டாவது மேசைமேல் தட்டையாகப் படுத்திருந்தது.

இரண்டையும் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். இரண்டையும் சுண்டிப் பார்த்தார். வளைந்தது டங் என்றது. தட்டையாக இருந்தது தொப் என்றது.

"இது பாரு, சத்தமே வரல" என்றார்.

"சத்தம் எதுக்குங்க? பறக்கத்தானே போவுது?"

"வளையம் வேற, எறக்கை வேறம்மா" என்று சொல்லிவிட்டு வளைந்ததை ஆணியில் மாட்டி வைத்துக்கொண்டார். விளக்கெண்ணெய் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன். கையிலும் அதே பாட்டில்தான் இருந்தது.

மறுநாள் காலை அவர் ஆபீஸ் போனதும், நான் லீவு போட்டுவிட்டு மாடிக்குப் போனேன். டோப் டப்பாவில் அளந்து பார்த்தால் இருநூறு மில்லி. நாற்பது சொட்டு விட்டேன். டப்பாவை மூடி நன்றாகக் குலுக்கி, இருந்த இடத்திலேயே, லேபிள் இருந்த பக்கமாகவே திருப்பி வைத்தேன். கூடவே பாதிக்கு மேல் தின்னரும் சேர்த்தேன். கெட்டியாக ஆறு பூச்சு என்பது தண்ணியாக ஆறு பூச்சு ஆகட்டும் என்று. இருபத்திரண்டு வருஷத்தில் இவ்வளவு கவனமாக நான் எந்த சாம்பிளும் தயார் செய்ததில்லை.

ஆனால் ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. கடைசிப் பூச்சு போட்டபின் இறக்கையைப் பலகையில் குண்டூசி குத்தி, மேலே பாரம் வைத்து, குறைந்தது இரண்டு நாள் அசையாமல் விட வேண்டும். மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒன்றுபோலக் காய வேண்டும். இவருக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஒரு மணி நேரத்தில் எடுத்துச் சுண்டிப் பார்ப்பார். நான் சொன்னால் கேட்பாரா? ரசாயனத்தைச் சொன்னால் கேட்க மாட்டார். வேறு எதைச் சொன்னால் கேட்பார் என்று யோசித்துக்கொண்டே சமையலறைச் சுவரில் தொங்கிய காலண்டர் தாளைப் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது.

அவர் புது செருப்பைக்கூட நல்ல நாள் பார்த்துத்தான் போடுவார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஆறாவது பூச்சு முடித்துக் கை துடைத்துக்கொண்டிருந்தவரிடம், "நாளைக்கு அஷ்டமி, அடுத்த நாள் நவமி. தெரியுமில்ல?" என்றேன்.

"அதுக்கென்னா?"

"பலகையிலேருந்து எடுக்கறதும் புது காரியந்தானே. எனக்கென்னா, ஞாபகப்படுத்தணும்னு தோணுச்சு."

அவர் முகத்தில் ஒரு நிழல் ஓடியது. ஆறு இறக்கைகளையும் எந்தெந்தத் திதியில் எடுத்தோம் என்று மனதுக்குள் எண்ணிப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. போய் இன்னும் நான்கு செங்கல் எடுத்துவந்து பலகைமேல் வைத்தார். இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. இருபத்திரண்டு வருஷ அனுபவத்தால் முடியாததை ஒரு காலண்டர் தாள் முடித்துக் கொடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை நானும் போனேன். ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, போர்வையில் சுற்றிய இறக்கையைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு. பொட்டலில் நால்வரும் தொப்பியோடு தயாராக நின்றார்கள். போர்வையைப் பிரித்ததும் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். காலை வெயிலில் அந்த மயில் கழுத்து நிறம் உள்ளிருக்கும் மரச் சட்டத்தைக் காட்டிக்கொண்டு ஒளிர்ந்தது. இடது நுனியில் மூன்று வெள்ளைப் பூக்கள்.

"துணி எங்க சார் புடிச்சீங்க?" என்று பல் டாக்டர் கேட்டார்.

"சூரத்துலேருந்து வரவழைச்சேன்" என்றார் என் வீட்டுக்காரர், என்னைப் பார்க்காமல்.

நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன். விமானம் இன்னும் பறக்கவில்லை. இந்த நேரத்தில் சண்டை எதற்கு என்று விட்டுவிட்டேன். அங்கேயே கேட்டிருக்க வேண்டும். இன்றைக்கும் அதை நினைத்தால் என்மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

முசே முன்னால் வந்து குனிந்தார். நகத்தால் சுண்டினார். தொப். இன்னொரு இடத்தில் சுண்டினார். தொப்.

"நோ, நோ, முசே" என்று தலையை ஆட்டினார். "உயிரே இல்ல இதுல. இன்னும் ரெண்டு கோட்டிங் குடுத்து அடுத்த வாரம் எடுத்தாங்க."

என் வீட்டுக்காரர் முகம் தொங்கிப்போனது. போர்வையை எடுக்கக் குனிந்தார். எனக்கு உயிரே போனது. இன்னும் இரண்டு பூச்சு, அதுவும் எண்ணெய் கலக்காத புது டப்பாவில் என்றால், இவ்வளவும் வீண். "வந்தது வந்துட்டோம், ஒருதடவ விட்டுத்தான் பாருங்களேன்" என்றேன். நால்வரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் பேசுவேன் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.

விட்டார். நூலைப் பிடித்துக்கொண்டு தார் ரோட்டில் ஓடினார். பட்டம் மாதிரி மேலே ஏறியது, நூல் கழன்றது. வழக்கமாக இந்த இடத்தில்தான் இடது பக்கம் சாய்ந்து கரணம் போடும். ஐவரும் பழக்கத்தில் தலையைத் தாழ்த்திக்கொண்டார்கள். அது சாயவில்லை. நேராக, அலுங்காமல், மனைக்கற்களுக்கு மேலே ஒரு பெரிய வட்டம் போட்டது. இன்னொரு வட்டம். தெர்மாகோல் பையன்கள்கூட ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். என் முதல் சம்பளம் வானத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போது யார்மேலும் கோபம் இல்லை. சூரத் மேல்கூட இல்லை.

தரையிறங்கியதும் எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டு என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். மூச்சு வாங்கிக்கொண்டே அவர் சொன்னார்: "அஷ்டமி, நவமில பலகையிலேருந்து எடுக்கல. அதான்."

யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தேன். பல் டாக்டர் செல்போனை எடுத்து, அடுத்த அஷ்டமி எப்போது என்று தேட ஆரம்பித்தார்.

அன்று மாலை சாம்பிராணி டப்பாவுக்குப் பின்னால் நான் வைத்திருந்த பாட்டிலைக் காட்டி, "இது எதுக்கு வெளக்கெண்ண?" என்று கேட்டார்.

"கண்ணு எரிச்சலுக்கு" என்றேன். "ம்" என்று போய்விட்டார்.

அதற்குப் பிறகு கிளப்பில் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அஷ்டமி, நவமியில் இறக்கையைத் தொடக்கூடாது, விமானம் விடவும் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். ரப்பர் ஸ்டாம்புக்கு ஒருவழியாக வேலை கிடைத்தது. வாட்ஸ்அப் குழுவில் காலையில் நல்ல நேரம் வர ஆரம்பித்தது. முசேகூட, நிலா கடலையே இழுக்கும்போது டோப்பை இழுக்காதா என்று விளக்கம் சொன்னாராம். ஆனால் நான்கு பேருடைய இறக்கைகளும் முன்போலவே முறுக்கின. இரண்டு நாள் கூடுதலாகப் பலகையில் கிடந்ததால் முதல் வாரம் நேராக இருந்தது, மூன்றாவது வாரம் வளைந்தது. என் வீட்டுக்காரர் புதிதாகச் செய்த இறக்கை மட்டும் வளையவில்லை. எனக்கு அது விளங்கவே இல்லை. அந்த டோப் புது டப்பா. நான் தொடவில்லை. ஒருவேளை நவமியில் ஏதாவது இருக்கிறதோ என்று ஒரு வினாடி எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. லேபில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

ஒரு சனிக்கிழமை ஸ்குரூடிரைவர் தேடி அவருடைய கருவிப்பெட்டியைத் திறந்தேன். உப்புத்தாள் கட்டுக்கு அடியில் ஒரு பாட்டில் விளக்கெண்ணெய் இருந்தது. அதே மருந்துக்கடைச் சீட்டு. பக்கத்தில் காதுக்கு மருந்து விடும் சொட்டுக்குழாய். ஒரு துண்டுத்தாளில் அவர் கையெழுத்தில் எழுதியிருந்தது: நூறு மில்லிக்குப் பத்து, லேசாக வளையுது. அறுபது, பிசுபிசுன்னு ஒட்டுது. நாற்பது, தூசி பிடிக்குது. கடைசியில் ஒரு கேள்விக்குறி.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. கண் எரிச்சல் என்று நான் சொன்ன அன்றைக்கே தெரிந்திருக்கிறது. இத்தனை மாதமும் மற்றவர்களுக்கு நவமியைச் சொல்லிவிட்டு, மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு சொட்டு எண்ணியிருக்கிறார். எத்தனை சொட்டு என்று கேட்க இரண்டு மாடிப்படி இறங்கினால் போதும். இறங்கவில்லை. அறுபது விட்டு இறக்கையைக் கெடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை, என்னிடம் கேட்கக்கூடாது. புடவையை எடுத்தது கூடப் புரியாமல் செய்தது என்று மன்னித்திருப்பேன். இது புரிந்தே செய்தது. எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வருகிற அழுகை, மூக்கெல்லாம் எரிந்தது.

அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் ஞாயிறு, நவமியும்கூட. பறக்கவிட முடியாததால் கிளப் முழுவதும் எங்கள் வீட்டுக்கே வருவதாக ஏற்பாடு. பலகையில் இருக்கும் புது இறக்கையைத் தொடாமல் நின்று பார்த்துவிட்டுப் போவார்களாம்.

வந்தார்கள். மாடியில் போய்ப் பார்த்தார்கள். கீழே இறங்கி வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். சுவரில் என் புடவை விமானம் தொங்கிக்கொண்டிருந்தது. இத்தனை மாதமாகியும் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது.

"மதாம்" என்று முசே என்னைப் பார்த்து எழுந்து வணக்கம் வைத்தார். "உங்க வூட்டுக்காரர் கையில ஏதோ இருக்கு. எங்களுக்கு வரமாட்டேங்குது."

"ஒக்காருங்க, காபி எடுத்தாரேன்" என்றேன்.

ஐந்து டம்ளர் காபி கலந்தேன். தட்டில் அடுக்கினேன். நடுவில் கருவிப்பெட்டியிலிருந்து எடுத்த பாட்டிலையும் சொட்டுக்குழாயையும் வைத்தேன். துண்டுத்தாளை மடித்து பாட்டிலுக்கு அடியில் செருகினேன். கொண்டுபோய் டீப்பாய்மேல் வைத்துவிட்டு, "எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்குங்க. அவரு அதைத்தான் விடறாரு" என்றேன்.

பல் டாக்டர் டம்ளரை எடுக்கப் போன கையை இழுத்துக்கொண்டார். விளக்கெண்ணெய் வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். முசே பாட்டிலை எடுத்து லேபிளைப் படித்தார். துண்டுத்தாளைப் பிரித்துப் படித்தார். எழுந்துபோய் சுவரில் இருந்த இறக்கையைச் சுண்டினார். தொப். திரும்பி வந்து என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"நவமின்னு சொன்னீங்களே முசே?"

என் வீட்டுக்காரர் காது இரண்டும் சிவந்துவிட்டன. காலண்டர் இருக்கும் பக்கம் பார்த்தார், வாசலைப் பார்த்தார்.

"இவதான்" என்றார் கடைசியில். "மொத தடவ கலந்தது இவதான். பெயிண்ட் கம்பெனில இருக்கா இல்ல. நான் அப்பறமா பாத்துக் கண்டுபிடிச்சேன். ஆனா அளவு சரியா வரல."

முசே என் பக்கம் திரும்பினார். சொல்லப்போனால் அத்தனை பேரும் திரும்பினார்கள். பல் டாக்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார். முசே கேட்க வாய் திறந்தபோது நான் கையைக் காட்டி நிறுத்தினேன். என் வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

"நீங்க கேளுங்க."

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "எத்தனை சொட்டும்மா?"

மூன்றாவது இறக்கையிலிருந்து நான் காத்திருந்த கேள்வி. அதற்கும் முன்னாலிருந்து என்றே சொல்லலாம். பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அவருடைய தலைக்கு மேலே சுவரில் அந்த மூன்று வெள்ளைப் பூக்கள் தெரிந்தன.

"சொல்றேன். மொதல்ல அந்தத் துணி எங்கேருந்து வந்துதுன்னு சொல்லுங்க."

அவர் அண்ணாந்து இறக்கையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஒருவேளை அதை அவர் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தாரோ என்னவோ.

"சூரத்து இல்ல" என்றார், கூடத்தில் இருந்த யாரையும் பார்க்காமல். "இவளோட பொடவை. மொத சம்பளத்துல வாங்குனது. கேக்காம எடுத்து வெட்டிட்டேன்."

கேக்காம என்று அவர் சொல்வார் என்று நான் நினைக்கவில்லை. அதை நான் கேட்கவும் இல்லை. அவராகவே சொன்னார்.

"நூறு மில்லிக்கு இருபது" என்றேன்.